வளர்ப்பூடகம் மாறினால் பற்றீரியாவின் குணம் மாறுமா?

கைகழுவும் தொட்டியின் வடிகால் வாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துக் குழாயில் இட்ட மாதிரியைக் கல்லூரியில் தயாரித்த போசணை ஏகாரில் (பற்றீரியாவுக்கு உணவூட்டும் கடற்பாசிக் கூழில்) வளர்த்தபோது தட்டு முழுவதும் பச்சை நிறம் பரவியது என்றும், அதே குழாயிலிருந்து உங்கள் நண்பர் இன்னோர் ஆய்வுகூடத்தில் வேறு கம்பனித் தூளால் செய்த போசணை ஏகாரில் இட்டபோது வெளிறிய கொலனிகள் (பற்றீரியாத் திரள்கள்) மட்டுமே வந்தன என்றும், அவரே குருதி ஏகாரில் இட்டபோது கொலனிகளைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை மூன்றும் ஒரே பற்றீரியாவா, குருதியைக் கொடுத்ததனால்தான் அது நச்சைச் சுரந்ததா என்பது உங்கள் கேள்வி. அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். ஊடகம், அதாவது பற்றீரியாவை வளர்க்கும் உணவுக்கலவை, அதற்கு ஒரு குணத்தைக் கொடுக்கிறதா, அல்லது ஏற்கெனவே உள்ள குணத்தை வெளியே வரச் செய்கிறதா, அப்படியானால் ஒரு தட்டில் காண்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள். யாழ் குடாநாட்டு ஆய்வுகூடங்களில் ஊடகம் காய்ச்சியும் தட்டு வாசித்தும் வேலைக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தட்டுகளை நான் பார்க்கவில்லை என்பதையும் கூடவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறப்பொருளையோ தொட்சின் என்னும் நச்சையோ ஆக்கும் ஆற்றல் பற்றீரியாவின் பரம்பரையலகில் (ஜீனில்) இருக்கிறது. அந்தப் பரம்பரையலகு இல்லாத பற்றீரியாவை எந்த ஊடகத்தில் வளர்த்தாலும் அது அந்தப் பொருளை ஆக்காது. பரம்பரையலகு இருந்தாலும் அது எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்பதை இரும்பு, பொசுபேற்று, வெல்லம், ஒட்சிசன், வெப்பநிலை, பிஎச் பெறுமானம், கொலனியின் வயது ஆகியவை பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரு தட்டில் ஒரு குணம் தெரிந்தால் அந்த ஆற்றல் அந்தப் பற்றீரியாவுக்கு உண்டு என்று துணிந்து சொல்லலாம். தெரியாவிட்டால், இந்த ஊடகத்தில், இந்த வெப்பநிலையில், இத்தனை மணித்தியாலத்தில் தெரியவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் நண்பரும் நீங்களும் பிணங்கிக்கொண்டது முழுவதும் இந்த இரண்டாவது வகை முடிவை முதலாவது வகையைப் போல் எடுத்துக்கொண்டதால் வந்தது.

பச்சை நிறத்தை எடுத்துக்கொள்வோம். வடிகால், ஈரம், ஏகாருக்குள் ஊறிப் பரவும் பச்சை, குருதி ஏகாரில் தெளிந்த வளையம் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் எந்த ஆய்வுகூடத்தவரும் முதலில் நினைப்பது சூடோமோனாசு எருஜினோசா என்னும் பற்றீரியாவைத்தான். அதன் பச்சை ஒரே பொருளால் வருவதன்று. பயோசயனின் என்னும் நீலப் பொருளும் பயோவெர்டின் என்னும் மஞ்சள்-பச்சைப் பொருளும் கலந்தே நாம் காணும் நிறம் உண்டாகிறது. பயோசயனின் குளோரோபோமில் கரையும். சில துளி அமிலம் விட்டால் நீலம் போய்ச் செந்நிறம் வரும். பயோவெர்டின் குளோரோபோமில் கரையாது, ஆனால் புறவூதா விளக்கின் கீழ் ஒளிரும். இவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காகவே நுண்ணுயிரியலாளர் எலிசபெத் கிங்கும் அவருடைய சகாக்களும் 1954 இல் இரண்டு ஊடகங்களை வெளியிட்டார்கள். அவை இன்றும் கிங் ஏ, கிங் பி என்ற பெயரில் வழங்குகின்றன. இரண்டிலும் பெப்ரோனும் கிளிசரோலும் உண்டு. முதலாவதில் மக்னீசியம் குளோரைட்டும் பொற்றாசியம் சல்பேற்றும் சேர்வதால் பயோசயனின் தூக்கலாக வரும். இரண்டாவதில் மக்னீசியம் சல்பேற்றும் பொற்றாசியம் பொசுபேற்றும் இருப்பதால் ஒளிரும் மஞ்சள்-பச்சை தூக்கலாக வரும். ஒரே கொலனியை ஒரே நாளில் இரண்டிலும் இட்டு மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விடயம் தெரியாதவர் இரண்டு வெவ்வேறு உயிரி என்று சத்தியம் செய்வார்.

பயோவெர்டினின் வேலையைத் தெரிந்துகொண்டால் ஊடகத்தின் பங்கு இன்னும் தெளிவாகும். அது சுற்றாடலில் உள்ள இரும்பைப் பிடித்துக் கலத்துக்குள் கொண்டுவரும் பொருள். இரும்பு குறைந்தால் பற்றீரியா அதை நிறையச் சுரக்கும். தாராளமாகக் கிடைத்தால் சுரப்பை அடக்கிவிடும். அப்படியானால் உங்கள் ஊடகத்தில் எவ்வளவு இரும்பு இருந்தது? போசணை ஏகாரின் பொட்டலத்தில் பெப்ரோன், இறைச்சிச் சாறு, சோடியம் குளோரைட்டு, ஏகார் என்று நான்கு பொருளின் நிறை எழுதியிருக்கும். இரும்பின் அளவைக் காணமாட்டீர்கள். பெப்ரோன் என்பது இறைச்சியையோ பாற்புரதத்தையோ நொதியத்தாலோ அமிலத்தாலோ சிதைத்து எடுக்கும் கலவை. எந்த மூலப்பொருளில் இருந்து எப்படிச் சிதைத்தார்கள் என்பதைப் பொறுத்து அதிலுள்ள சிறு தாதுக்களும் அமினோவமிலங்களும் மாறும். ஒரே கம்பனியின் இரண்டு தொகுதிகளுக்கிடையே கூட இந்த வேறுபாடு இருக்கலாம். 'போசணை ஏகார்' என்ற ஒரே பெயர் இரண்டு போத்தல்களிலும் ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீரைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் தனியே யோசிக்க வேண்டும். நமது நிலத்தடி சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படையைப் பார்க்காத வீடு இங்கே குறைவு. அந்தத் தண்ணீரில் ஊடகம் காய்ச்சினால் செய்முறையில் இல்லாத கல்சியமும் மக்னீசியமும் சேரும். சூடாக்கும்போது பொசுபேற்று கல்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகி ஊடகம் கலங்கும். காய்ச்சி வடித்த நீர் கைக்கெட்டாத இடங்களில் கொதித்தாறிய கிணற்று நீரைப் பயன்படுத்துவதைக் கண்டிருக்கிறேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், தற்காலிக வன்மையில் ஒரு பகுதி நீங்கும், மற்றவை அப்படியே இருக்கும். உங்கள் கல்லூரியில் எந்த நீர், நண்பரின் இடத்தில் எந்த நீர் என்பதை விசாரித்துப் பாருங்கள். கலவை அளவிலும் பார்க்க இதிலிருந்தே விடை வந்தாலும் வியப்பில்லை.

ஒட்சிசனும் வயதும் அடுத்தவை. பயோசயனின் ஒட்சிசன் கிடைக்கும் இடத்தில்தான் நீலமாகத் தெரியும். தாழ்த்தப்பட்ட நிலையில் அதற்கு நிறமில்லை. அசையாமல் வைத்த திரவ ஊடகக் குழாயில் மேல்மட்டத்தில் மட்டும் ஒரு பச்சை வளையம் இருக்கும், கீழே வெளிறியிருக்கும். அடைப்பானை இறுக்கிக்கொண்டு குழாயை மெதுவாக ஆட்டினால் நிறம் கீழ்வரை இறங்கும். வளர்ச்சி வேகமாக நடக்கும் முதல் சில மணித்தியாலங்களில் இந்தப் பொருள் அதிகம் சுரக்கப்படுவதில்லை. கலங்கள் நெருக்கமாகி உணவு குறையத் தொடங்கிய பிறகே கூடும். நண்பர் 18 மணித்தியாலத்தில் தட்டைப் பார்த்து, நீங்கள் வார இறுதி கழித்துப் பார்த்திருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

வெப்பநிலைக்கு இதைவிடப் பேர்போன உதாரணம் செராசியா மார்செசென்சு. 1819 இல் இத்தாலியின் பாதுவாவுக்கு அருகே சோளக்கூழில் இரத்தம் போன்ற சிவப்பு தோன்றி ஊரே பயந்தபோது, பார்த்தொலோமியோ பிசியோ என்ற மருந்தாளர் அது ஒரு நுண்ணுயிரின் வேலை என்று காட்டினார். அந்தச் சிவப்பு, புரோடிஜியோசின் என்னும் நிறப்பொருள். அதே பற்றீரியாவை 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வளர்த்தால் சிவக்கும், 37 பாகையில் வளர்த்தால் பெரும்பாலும் வெளுக்கும், வெளுத்ததை மீண்டும் குறைந்த வெப்பநிலையில் புதிய தட்டில் வளர்த்தால் திரும்பவும் சிவக்கும். இங்கே ஒரு பக்கக் குறிப்பு: 'அறை வெப்பநிலை' என்று ஐரோப்பியப் புத்தகம் எழுதும்போது அது ஏறத்தாழ 20 பாகையைக் கருதுகிறது. நமது சித்திரை மாத அறை அதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் கூடியது. ஜெர்மனிய நுண்ணுயிரியலாளர் ரொபேட் கோக்கின் ஆய்வுகூடம் தொடக்கத்தில் பயன்படுத்திய ஜெலற்றின் ஊடகம் நம் நாட்டில் அலுமாரியிலேயே உருகிவிடும். அங்கே வேலை செய்த வால்ட்டர் ஹெசேயின் மனைவி பனி ஹெசே 1881 ஆம் ஆண்டளவில் சமையலறையில் பயன்படுத்திய கடற்பாசிக் கூழை ஆய்வுகூடத்துக்குப் பரிந்துரைத்திராவிட்டால், வெப்பநாடுகளில் இந்தத் துறை எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு, அதாவது குருதி ஏகாரிலுள்ள வளையத்துக்கு வருகிறேன். குருதிக்கலங்களைச் சிதைக்கும் பொருள்களை ஈமோலைசின் என்கிறோம்; அவற்றுள் பல உண்மையிலேயே தொட்சின்கள். ஆனால் போசணை ஏகாரில் வளையம் தெரியாதது அங்கே ஈமோலைசின் சுரக்கவில்லை என்பதற்குச் சாட்சியம் அன்று. சிதைப்பதற்குச் செங்குருதிக் கலம் அங்கே இல்லை, அவ்வளவுதான். குருதி இங்கே முதலில் ஒரு காட்டியாக நிற்கிறது. சுரப்பைத் தூண்டுவது அதற்குப் பிந்திய, தனியாக நிறுவவேண்டிய விடயம். குருதியின் வகையும் முடிவை மாற்றும். பொதுவாக 5 சதவீத செம்மறியாட்டுக் குருதியே சேர்க்கப்படுகிறது. சில என்ரெரோகொக்கசு இனங்கள் செம்மறிக் குருதியில் வளையம் காட்டாது, குதிரை, முயல், மனிதக் குருதியில் காட்டும். குருதி வங்கியில் காலாவதியான மனிதக் குருதியை ஊற்றித் தட்டுச் செய்வது சிக்கனமாகத் தோன்றும். அதில் குருதி உறையாமலிருக்கச் சேர்த்த சித்திரேற்று, பிறபொருளெதிரிகள், கொடுத்தவர் உட்கொண்ட மருந்தின் மிச்சம் ஆகிய மூன்றும் வாசிப்பைக் குழப்பும். கையாள்பவருக்குத் தொற்று அபாயமும் உண்டு. அடிப்படை ஊடகத்தில் குளுக்கோசு கூடியிருந்தால் ஸ்ரெப்ரோகொக்கசு அமிலம் ஆக்கி, தெளிந்த வளையம் வரவேண்டிய இடத்தில் பச்சை கலந்த மங்கல் வளையத்தைக் காட்டிவிடும். ஸ்ரெப்ரோகொக்கசு பயோஜெனிசு இரண்டு ஈமோலைசின்களைச் சுரக்கிறது. அவற்றில் 'ஓ' வகை ஒட்சிசன் பட்டால் செயலிழக்கும், 'எஸ்' வகை செயலிழக்காது. அதனால்தான் தட்டைக் கோடிழுத்த பிறகு கம்பி வளையத்தால் ஏகாரை இரண்டு மூன்று இடங்களில் குத்திவிடப் பழக்குகிறோம். குத்திய துளையின் அடியில் காற்றுக் குறைவு, அங்கே மட்டும் தெளிவு ஆழமாகத் தெரியும். ஒரே தட்டில், ஒரே கொலனியில், மேலே ஒரு விடையும் ஒரு மில்லிமீற்றர் கீழே இன்னொரு விடையும் கிடைப்பதை வேறெங்கும் இவ்வளவு இலகுவாகக் காட்ட முடியாது.

ஆற்றல் வேறு, அதன் வெளிப்பாடு வேறு என்பதை வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டியது தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) கிருமி. அதன் தொட்சினுக்கான பரம்பரையலகு பற்றீரியாவுக்குச் சொந்தமானதன்று, அதைத் தொற்றும் ஒரு வைரசு கொண்டுவருவது. இதற்கு வழிகாட்டிய சோதனையை விக்ரர் பிரீமன் 1951 இல் வெளியிட்டார். வைரசு இல்லாத கிருமி எந்த ஊடகத்திலும் தொட்சின் தராது. வைரசு உள்ள கிருமியிலோ, இரும்பு போதியளவு உள்ளபோது ஓர் அடக்கிப் புரதம் இரும்புடன் இணைந்து அந்தப் பரம்பரையலகை மூடிவிடுகிறது. ஸ்ரீபன் எலெக் 1949 இல் அறிமுகப்படுத்திய ஏகார்த் தட்டுச் சோதனையில், எதிர்த்தொட்சின் தோய்த்த தாள் நாடாவும் பற்றீரியாக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தருகே மெல்லிய வெண்கோடு தெரிந்தால் தொட்சின் உண்டு. ஊடகம் பொருத்தமற்றதாக இருந்தால் நோய்க்கிருமியாக இருந்தும் கோடு வராமல் போகலாம். ஆகையால் அந்தச் சோதனையில் தொட்சின் தருவது உறுதியான ஒரு கிருமியும் தராதது உறுதியான ஒன்றும் எப்போதும் பக்கத்தில் ஓட வேண்டும். இது சிறப்பு ஆய்வுகூடங்களின் வேலை, கல்லூரி மேசையில் செய்யும் பயிற்சி அன்று. கொள்கையை விளக்கவே இதை இங்கே கொண்டுவந்தேன்.

நமது ஊரிலேயே தினமும் நடக்கும் ஓர் உதாரணமும் உண்டு. ஒரே பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு, சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழுந்தால் புளிக்காத கருப்பணி, பூசாத முட்டியில் விழுந்தால் கள்ளு. பாளையும் காற்றும் அவற்றிலுள்ள மதுவமும் (ஈஸ்ற்) பற்றீரியாவும் இரண்டு முட்டிக்கும் அவையே. சுண்ணாம்பு பிஎச் பெறுமானத்தை உயர்த்தி அவற்றை அடக்கிவைக்கிறது. சீவல் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த விடயமும் ஊடகவியலில் அடங்கும்.

இதெல்லாம் நிறமும் வளையமும் பற்றிய ஆய்வுகூட விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள், நோயாளியின் மருந்துச்சீட்டு வரை இது போகிறது. அன்ரிபயோற்றிக் உணர்திறன் சோதனைக்கு உலகெங்கும் முல்லர்-கின்ரன் ஏகாரையே பயன்படுத்துகிறோம். 1941 இல் வேறு கிருமிகளை வளர்ப்பதற்காக வந்த ஊடகம் அது. பிற்பாடு அன்ரிபயோற்றிக் சோதனைக்குப் பொது அளவுகோலாயிற்று. அதில் கல்சியமும் மக்னீசியமும் கூடிவிட்டால் சூடோமோனாசுக்கு எதிரான ஜென்ராமைசின் வளையம், அதாவது மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், சுருங்கும், குறைந்துவிட்டால் விரியும். தைமிடீன் கூடியிருந்தால் கோற்றிரைமொக்சசோல் வேலை செய்யாததுபோல் தோன்றும். ஏகாரின் தடிப்பு 4 மில்லிமீற்றரிலும் கூடினால் வளையம் சிறுக்கும். பிஎச் பெறுமானம் 7.2 க்குக் கீழே இறங்கினால் ஜென்ராமைசின் வலுவிழந்ததுபோலவும் தெற்றாசைக்கிளின் வலுப்பெற்றதுபோலவும் காட்டும். கிருமியில் ஒரு மாற்றமும் நடந்திராது, மருந்துச்சீட்டு மட்டும் மாறிவிடும். மேலே கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நான் இவ்வளவு விடாப்பிடியாக எழுதியதன் காரணம் இதுதான்.

இனி உறுதி குறைந்த பகுதிக்கு வருகிறேன். ஊடகம் குணத்தைக் கொடுப்பதில்லை என்று சொன்னேன். சில மணித்தியாலம், சில நாள் என்ற அளவில் அது சரி. ஒரே கிருமியை மாதக்கணக்காக ஒரே ஊடகத்தில் மாற்றி மாற்றி நட்டுவந்தால் கதை வேறு. அந்த ஊடகத்தில் வேகமாகப் பெருகும் விகாரிகள் (பரம்பரையலகு மாறிய கலங்கள்) மெல்ல மேலோங்கும், உறையும் நிறமும் ஈமோலைசினும் நிரந்தரமாகவே தொலைந்து போகலாம். ஆகவே பழைய சேமிப்புத் தட்டிலுள்ள வெளிறிய கொலனி சுரப்பை அடக்கியிருக்கிறதா, ஆற்றலையே இழந்துவிட்டதா என்பதைப் பார்வையால் பிரிக்க முடியாது. பொருத்தமான ஊடகத்துக்கு மாற்றிப் பார்த்தால்தான் தெரியும், அப்போதும் சில வேளை ஐயம் எஞ்சும். இயற்கையாகவே பயோசயனின் சுரக்காத சூடோமோனாசு எருஜினோசாவும் உண்டு. இன்னொன்று, தட்டில் தொட்சின் சுரந்தது என்பதால் உடலிலும் அதே அளவு சுரக்கும் என்றோ, தட்டில் சுரக்காதது உடலிலும் சுரக்காது என்றோ முடிவு கட்டக் கூடாது. உடலில் இரும்பு பெரும்பாலும் புரதங்களுடன் கட்டுண்டு கிடக்கிறது. எந்தப் போத்தல் ஊடகமும் அந்த நிலையைச் சரியாகப் பிரதிபண்ணுவதில்லை. உங்கள் குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட பற்றீரியா இருந்திருக்கவும் கூடும். வடிகாலில் இருந்து நேரே எடுத்த மாதிரி கலப்பாக இருப்பதே வழக்கம். ஒரு தட்டில் ஒன்றும் மற்றத் தட்டில் இன்னொன்றும் முந்திக்கொண்டிருக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்து இதை என்னால் மறுக்க முடியாது.

எனவே முதலில் தனிக் கொலனி எடுங்கள். பச்சைத் தட்டில் இருந்து நன்றாகப் பிரிந்து நிற்கும் ஒரு கொலனியைப் புதிய தட்டில் கோடிழுத்து, அதிலிருந்து மீண்டும் ஒன்றைக் கோடிழுத்து, எல்லாக் கொலனிகளும் ஒரே தோற்றத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த ஒரே கொலனியை உங்கள் தூளால் செய்த தட்டிலும் நண்பரின் தூளால் செய்த தட்டிலும் ஒரே நாளில், ஒரே நீரில் காய்ச்சி, ஒரே அடைகாப்பியில் வைத்து, ஒரே நேரத்தில் வாசியுங்கள். ஒன்று பச்சையும் மற்றது வெளிறலுமாக வந்தால் குற்றம் ஊடகத்தினது. இரண்டும் பச்சையாக வந்தால் முன்னைய வேறுபாடு நீர், நேரம், வெப்பநிலை ஆகியவற்றில் ஒன்றால் வந்தது, அல்லது நண்பர் எடுத்த துளியில் வேறொன்று இருந்தது. பற்றீரியாவின் வகையைப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமும் ஒட்சிடேசுச் சோதனையும் உங்கள் பச்சைக் கொலனிக்கும் நண்பரின் வெளிறிய கொலனிக்கும் செய்யுங்கள். இந்த இரண்டு முடிவுகளும் ஊடகத்தால் அவ்வளவு இலகுவில் அசைவதில்லை, என்றாலும் ஒட்சிடேசை நிறங்காட்டி கலந்த மக்கொங்கி போன்ற தட்டில் இருந்து எடுத்துச் செய்ய வேண்டாம். குருதி ஏகாரையும் 37 பாகையையும் கல்லூரியில் தொட வேண்டாம் என்பது என் கண்டிப்பான ஆலோசனை. மனித உடலில் வாழப் பழகிய கிருமிகளுக்கு அது வசதியான இடம், உங்களிடம் பாதுகாப்புப் பேழை இருக்காது. சூடோமோனாசுக்குத் திராட்சை மணம் உண்டு என்று பழைய புத்தகங்கள் எழுதியதை நம்பித் தட்டை முகரவும் வேண்டாம். இலங்கையில் மெலியோய்டோசிசு நோயை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் நீரிலும் இருக்கிறது, சில தட்டுகளில் அது சூடோமோனாசு போலவே நடிக்கும்.

செய்முறைப் புத்தகத்தில் 'பச்சை நிறம் உண்டு' என்று மட்டும் எழுதாமல், ஊடகத்தின் பெயர், கம்பனி, தொகுதி இலக்கம், நீரின் வகை, ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கலத்தில்) வைத்த நேரம், அடைகாத்த வெப்பநிலை, வாசித்த மணித்தியாலம் ஆகியவற்றை அதே வரியில் எழுதுங்கள். இவ்வளவும் ஒன்றாக இருந்தும் இரண்டு கொலனிகள் மீண்டும் மீண்டும் வேறுபட்டால் அவை இரண்டு பற்றீரியா என்று கொண்டு, இரண்டையும் தனித்தனியே உங்கள் விரிவுரையாளர் மூலம் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். மிஞ்சிய தட்டுகளைத் திறக்காமல் 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்குக் கொடுக்க வேண்டும்.